மான் தின்னாத தாள்கள்

சேர்,

உங்கள் மகன் கொண்டுவந்து தந்த நீலக் கோவை என் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. உள்ளே இருந்த ஐந்து தாள்களும் போகவேண்டிய கைக்குப் போய்விட்டன. ஆனாலும் கோவையைத் திறந்து முகத்தருகே பிடித்தால் இலேசாகக் கருவாட்டு வாசம் வருகிறது. சல்லி என்ற கடற்கரை ஊரில், மீன்காரரின் வாடிக் குடிசைக்குள் இருந்து எழுதப்பட்ட தாள்கள் அவை. ஒன்பது வருடம் உங்கள் அலுமாரிக்குள் அந்த வாசம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அவற்றை மான் தின்றுவிட்டது என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள்.

எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! "பஸ் ஸ்டாண்ட் வாங்கில வச்சிட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சனான் டீச்சர். திரும்பிப் பார்த்தா மான் நிண்டு சப்புது. கலைக்கிறதுக்குள்ள கடைசித் தாளும் போயிட்டுது." நான் சிரித்தேன். "அந்த மானுக்கு இனிக் கணக்கு நல்லா வரும் சேர்" என்று பகிடியும் விட்டேன். வேறு எந்த ஊரில் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தெருவெல்லாம் மான் திரிகிற திருகோணமலையில் அது நம்பக்கூடிய பொய். என் மார்க் புத்தகத்தின் அட்டையையே ஒரு மான் தின்றது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்யைத் தெரிந்தெடுத்தீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் மகன் பாலையூற்றில் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். "அப்பாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ டீச்சர். நீங்கள்தான் கனகாலம் அவரோட வேலை செய்தனீங்கள்" என்றார். நினைவுபடுத்திக்கொள்ள உதவும் என்று அந்தக் கோவையையும் வைத்துவிட்டுப் போனார். மேலே உங்கள் நற்சான்றிதழ்கள். அதற்குக் கீழே பிரியாவிடையில் வாசித்துத் தந்த வாழ்த்துப் பா. எல்லாவற்றுக்கும் அடியில், கொப்பியில் இருந்து கிழித்த ஐந்து தாள்கள், பென்சில் எழுத்தில். ஏழு என்ற இலக்கத்தின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. அப்படி ஏழு போடுகிற பிள்ளை நம்மிடம் ஒருத்திதான் படித்தாள்.

இரண்டு பக்கம் கேட்டார்கள், சேர். நான் இதைத்தான் எழுதுகிறேன். நல்லதாக எழுதும்படி கேட்டார்கள். உங்கள் நல்லதெல்லாம் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஒரே கணித அறையில் எதிரெதிர் கதிரையில் இருந்திருக்கிறோம். யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த காலத்தில் ஆறு மைல் சுற்றி வந்து பாடம் எடுத்தவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் நான் தாளை மடித்து வைத்துவிட்டுப் படுத்திருப்பேன்.

துஷாந்தினியைக் கண்டுபிடித்தவரே நீங்கள்தான். அவளுடைய தகப்பன் கரைவலைக்காரர். கரைக்கு மீன் வரும் வரைக்கும் வாடியில் பிளாஸ்டிக் பெட்டிகள் சும்மா கிடக்கும். அவற்றை அவள் படி மாதிரி அடுக்கி விளையாடுவாள். ஒவ்வோர் அடுக்கும் பக்கத்து அடுக்கைவிட ஒரு பெட்டி குறைவு. ஒன்பது பெட்டி என்றால் ஐந்து, நான்கு. பத்து என்றால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. பன்னிரண்டு என்றால் ஐந்து, நான்கு, மூன்று. ஆனால் எட்டுப் பெட்டியில் படி வராது. பதினாறிலும் வராது. முப்பத்திரண்டிலும் வராது. எப்படிப் புரட்டினாலும் ஒரு பெட்டி மிஞ்சும், அல்லது ஒரு பெட்டி காணாது. உயர்தர வகுப்பின் முதலாம் வருடத்தில் ஒருநாள் இடைவேளையில் வந்து நம் இருவரிடமும் கேட்டாள்: "எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு... ரெண்டை ரெண்டால பெருக்கிப் பெருக்கிப் போற எண்களில மட்டும் படி வருதில்லை. ஏன் சேர்?"

நீங்கள் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது. புத்தகத்தில் இல்லாத கேள்வியோடு ஒரு பிள்ளை வந்தால் வேறு சிலருக்கு எரிச்சல் வரும். உங்களுக்குப் பசி வந்தது மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில்தான் பிள்ளைகளுக்கு உதவுகிற ஒரு நிதியத்தின் விண்ணப்பம் வந்தது. ஓகஸ்ட் மாதம், ஆறு கிழமை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கோடைக்காலக் கணித முகாம். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நிதியம் பார்க்கும். பாடம் படிப்பிக்க மாட்டார்கள். பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும், பக்கத்தில் பேராசிரியர்கள் இருப்பார்கள். "கோடைக்கால முகாமாம் டீச்சர். எங்களுக்கு எந்தக் காலம் கோடையில்லை?" என்று சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே பெட்டியடுக்குகிற பிள்ளையின் பெயரை எழுதினீர்கள். தகப்பன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் மூன்று முறை சல்லிக்குப் போய் வந்தீர்கள். "கடல் தாண்டிப் போக எனக்குப் பயமில்லை, கடல்காரன்தானே. பொம்பிளைப் பிள்ளை எண்டுதான்" என்று அவர் இழுத்தபோது, "கூட்டிக்கொண்டு போறதும் கூட்டிக்கொண்டு வாறதும் அவையின்ட பொறுப்பு அண்ணை, எழுதித் தருவினம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

விண்ணப்பத்தின் நடுவில் ஒரு கேள்வி இருந்தது. அதை வாய்விட்டு வாசித்ததே நான்தான். "நீங்கள் தீர்க்க முயன்று இன்னும் தீர்க்க முடியாத ஒரு கணக்கைப் பற்றி எழுதுங்கள்; விடை வேண்டாம், எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்; தமிழிலும் எழுதலாம்." கணக்குக்கு விடை வேண்டாம் என்று சொல்கிற ஒரு தாளை நாம் இருவரும் வாழ்நாளில் அதற்கு முன்னர் கண்டதில்லை.

துஷாந்தினி ஐந்து தாள் எழுதினாள். நூறு வரைக்கும் எல்லா எண்ணையும் சோதித்து அட்டவணை போட்டிருந்தாள். முதல் முயற்சி பிழை. அதை அழிக்காமல் மேலே ஒரு கோடு மட்டும் கீறியிருந்தாள். இரண்டாவதும் பிழை. மூன்றாவதில் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. இருபத்துநான்கு பெட்டியை எட்டு, எட்டு, எட்டு என்று மூன்று சம அடுக்காக வை. ஓர் ஓரத்து அடுக்கிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி மற்ற ஓரத்தில் வை. ஒன்பது, எட்டு, ஏழு. படி வந்துவிட்டது. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றை எண்ணிக்கையில் சம அடுக்காகப் பிரிக்கக்கூடிய எதற்கும் இப்படிச் செய்யலாம். எட்டையும் பதினாறையும் அப்படிப் பிரிக்க முடியாது. ஆனால் பதினான்கில் அவள் சிக்கிக்கொண்டாள். ஏழு அடுக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி. அதைப் படியாக்கப் போனால் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம், பிறகு பூச்சியத்துக்கும் கீழே ஒன்று. கடைசித் தாளின் அடியில் எழுதியிருந்தாள்: "ஒன்றும் இல்லாததற்குக் கீழே பெட்டி வைக்க ஏலாது. இங்கேதான் நிற்கிறேன்."

இதைத்தானே கேட்டிருந்தார்கள், சேர்? எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்கள். அவள் நிற்கிற இடத்தைக் காட்டினாள்.

நீங்கள் அந்தத் தாள்களை மேசையில் தட்டி நேராக்கிக்கொண்டு சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "வெட்டுக்கொத்தோட அனுப்பினா எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைப்பாங்கள் டீச்சர்? அரைகுறையா ஒண்டை அனுப்ப ஏலுமே?" நான் சொன்னேன், "அவையள் அரைகுறையைத்தானே கேக்கினம்." நீங்கள் கையை விசுக்கினீர்கள். "அது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேக்கிறது. ஆரும் அப்பிடி அனுப்ப மாட்டாங்கள்."

அப்போது நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏனென்றால் நாம் எல்லோரும் அப்படித்தான் செய்து வந்தோம். பேச்சுப் போட்டிக்கு நாம் எழுதிக் கொடுப்போம், பிள்ளை பாடமாக்கும். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரி செய்வது ஆசிரியரும் தச்சரும். பிள்ளை பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும். மூதூரிலும் அப்படி, கிண்ணியாவிலும் அப்படி, நிலாவெளியிலும் அப்படி. பிள்ளையின் பெயரில் நம் வேலை வெளியே போகும், கிண்ணம் பாடசாலைக்கு வரும். அதை நாம் களவு என்று நினைக்கவில்லை. அன்பு என்று நினைத்தோம்.

நீங்கள் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, எண்ணுக்குப் பதில் எழுத்து வைக்கிற அட்சர கணிதத்தில், ஒன்பது வரியில் அந்தக் கணக்கை முடித்துவிட்டீர்கள். அழகான நிறுவல்தான். கடைசியில் இரண்டு கோடும் கீறினீர்கள். துஷாந்தினி அதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினாள். எழுதும்போது ஒருதரம் நிமிர்ந்து, "சேர், இது என்ட வழி இல்லையே" என்றாள். "உன்ர கேள்விதானே பிள்ளை, வழி ஆற்றையா இருந்தா என்ன? எழுது" என்றீர்கள். எழுதினாள்.

பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி ஓர் உதாரணம் சொல்கிறேன். காய்ச்சற்காரப் பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப்போகிறோம். போகமுதல், டொக்டருக்கு முன்னால் பிள்ளை வாடியிருக்கக் கூடாது என்று இரண்டு பனடோல் கொடுத்து, முகம் கழுவி, பவுடர் பூசிக் கூட்டிப்போகிறோம். டொக்டர் கையை வைத்துப் பார்க்கிறார், சூடு இல்லை. "இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, சும்மா ஏன் கொண்டுவந்தனீங்கள்?" என்று திருப்பி அனுப்புகிறார். அங்கே பிழை டொக்டரிடம் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. பனடோல் கொடுத்த கை நம்முடையது.

பிறகு தொலைபேசி நேர்முகம். பாடசாலை அதிபரின் அறை, ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசி, அதிபர், நீங்கள், நான், நடுவில் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் அவள். கொழும்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல், நல்ல தமிழில், மிகவும் தண்மையாக. "தங்கச்சி, உங்கட கேள்வி எங்களுக்கு நல்லாப் பிடிச்சுது. மூண்டாவது வரியில ரெண்டால பெருக்கியிருக்கிறீங்கள் என்ன? அப்பிடிச் செய்யலாம் எண்டு எப்பிடித் தோணினது?"

அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தீர்கள். நான் என் மடியைப் பார்த்தேன். ஒரு வசனம் போதும், சேர். "அது நான் எழுதினது, பிள்ளையின்ட வழி வேற, அவவிட்டக் கேளுங்கோ" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவள் அந்தத் தொலைபேசிக்குள்ளேயே பெட்டி அடுக்கிக் காட்டியிருப்பாள். குரல் மறுபடியும் கேட்டது, "பரவாயில்லை, வேற எந்த விதமா எல்லாம் முயற்சி செய்தீங்கள்?" மூன்று பெரியவர்கள் சுற்றியிருக்க, பதினேழு வயதுப் பிள்ளை தன் சேரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தக் குரல், "சரி தங்கச்சி" என்றது.

அந்த நிதியத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தவறிய இடத்தைக் காட்டு என்று ஒரு பிள்ளையிடம் கேட்பவர்கள், அவளை அதிபரின் மேசைக்கு முன்னால் இருத்திவைத்தா கேட்பது? தனியே ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். கடிதத்தையும் அவளுக்கு எழுதவில்லை. அதிபருக்கு எழுதினார்கள். அனுப்பப்பட்ட ஆக்கம் மாணவியின் சொந்த முயற்சி எனக் கருத முடியவில்லை என்று இரண்டே வரி. உதவி செய்யப் புறப்பட்டவர்களுக்கு, அந்த இரண்டு வரி ஒரு சின்ன ஊருக்குள் போய் என்ன செய்யும் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

என்ன செய்தது? திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அதிபர் மைக்கைப் பிடித்தார். "கொப்பியடிச்சு வெளிநாடு போகலாம் எண்டு நினைக்கிற பிள்ளையளால பாடசாலைக்குத்தான் வெட்கம்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, ஆயிரம் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் அதிபருக்கு இடப்பக்கம் நின்றவர் நீங்கள். உங்களுக்கும் மைக்குக்கும் நடுவில் நான்கு அடி இருந்திருக்கும். நான் ஆசிரியர் வரிசையில். எனக்கு இன்னும் கொஞ்சம் கூட. இருபது அடி. இருபது அடி நடக்க எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது.

அடுத்த கிழமை அவளுடைய தாய் என் வீட்டுக்கு வந்தா. உள்ளே வரவில்லை, படலையிலேயே நின்றா. "டீச்சர், எங்கட பிள்ளை களவெடுத்தவளோ? சல்லியில கதைக்கினம். கேட்டா வாய் திறக்கிறாளில்லை." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா, கொஞ்ச நாளில எல்லாரும் மறந்துபோவினம்." எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு அன்பாகச் சொன்னேன்! துஷாந்தினி கணிதப் பிரிவை விட்டு வர்த்தகப் பிரிவுக்கு மாறினாள். அதுவும் வேறு பாடசாலையில். நான் அவளுடைய தாள்களைப் பற்றி உங்களிடம் கேட்டேன். கையில் இருந்தால் அதிபரிடம் காட்டலாம் என்று ஒரு நப்பாசை. அப்போதுதான் நீங்கள் மான் கதையைச் சொன்னீர்கள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அதன் பிறகு நீங்கள் எந்த விண்ணப்பத்தையும் தொடவில்லை. வருகிற வருடங்களில் நிதியத்தின் கடிதம் வரும். "எனக்கு நேரமில்லை டீச்சர்" என்று மேசையின் மற்றப் பக்கம் தள்ளிவிடுவீர்கள். நானும் தொடவில்லை. நம் இருவருடைய வெட்கத்துக்காக, நம்மிடம் படித்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கதவே தெரியாமல் போனது. நீங்கள் மாலையோடு ஓய்வு பெற்றீர்கள். வாழ்த்துப் பாவில் "திருத்தமே உருவான ஆசான்" என்று ஒரு வரி.

இனித்தான் நான் உங்களை மன்னிக்க முடியாத இடம் வருகிறது.

ஐந்தாவது தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் உங்கள் சிவப்பு மை. பதினான்கு பெட்டியின் ஏழு அடுக்கையும் கீறியிருக்கிறீர்கள். பூச்சியத்துக்குக் கீழே போன ஒன்றையும் மேலே இருக்கிற ஒன்றையும் ஒரு வளைகோட்டால் இணைத்து வெட்டியிருக்கிறீர்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. கூட்டினால் பதினான்கு. படி வந்துவிட்டது. அதற்குக் கீழே, "அவள் வழி சரி. என்னுடையதைவிட நல்லது." எதற்கும் திகதி போடுகிற பழக்கம் உங்களுக்கு. காலைக் கூட்டம் நடந்து பதினோராம் நாள்.

பதினொரு நாளில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது! அவள் சல்லியில்தான் இருந்தாள். எங்கும் ஓடிப்போகவில்லை. நீங்கள் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். கோவையில் போட்டு, மேலே சான்றிதழ்களை அடுக்கி, அலுமாரியைப் பூட்டினீர்கள்.

வியாழக்கிழமை நான் அவளைத் தேடிப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பனியில் வேலை. றப்பர் பூட்ஸ், தலையைச் சுற்றி ஒரு துவாய், கையில் மீன் நிறை எழுதிய துண்டுச்சீட்டுகள். என்னைக் கண்டதும், "டீச்சர் மீனுக்கோ வந்தனீங்கள்? இண்டைக்கு அறக்குளா இல்லை, சூரைதான்" என்றாள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "அக்காட டீச்சரோ? அப்ப இவ குழப்படியோ அந்த நாளில?" என்று கேட்டார். "நல்ல பிள்ளை. அதுதான் பிழைச்சுது" என்று அவளே பதில் சொன்னாள். சொல்லிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாள்களைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துவாயில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதற் பிழையில் சிரித்தாள். பின்பக்கத்துச் சிவப்பு மைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு லொறி பின்னால் வந்து ஹோன் அடித்தது; அசையவில்லை.

"இது எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள்.

"சேர் சொன்னவரோ?"

"அவர் எங்க சொன்னார். ஒண்டையும் மைனஸ் ஒண்டையும் வெட்டிவிட்டா அஞ்சு, நாலு, மூண்டு, ரெண்டு. அந்தக் கூட்டம் நடந்த கிழமையே கண்டுபிடிச்சிட்டன். வாடியில இருந்து கத்தினனான், அம்மா ஓடி வந்திட்டா பாம்பு எண்டு."

"பிறகேன் பிள்ளை வந்து சொல்லேல்ல?"

"ஆருக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஒரே மாதத்தில், ஒரே ஊரில், நீங்கள் உங்கள் மேசையிலும் அவள் தன் வாடியிலும் ஒரே விடையைக் கண்டிருக்கிறீர்கள். உலகத்திலேயே அந்த விடைக்காகச் சேர்ந்து கத்தக்கூடிய இரண்டு பேர். ஒருவர் வெட்கத்தில் பூட்டி வைத்தார். மற்றவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

நினைவு மலரைப் பற்றிச் சொன்னேன். நடந்ததை உள்ளபடி எழுதப் போகிறேன், உன் பெயரைப் போட விருப்பமா என்று கேட்டேன். தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி யோசித்தாள். "மலரை ஆர் டீச்சர் வாசிக்கிறது? படத்தைப் பார்த்திட்டு ராக்கையில போட்டிடுவினம். என்னைச் சொன்னது காலைக் கூட்டத்தில. சொல்லுறதெண்டா அங்க சொல்லுங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலாதெண்டா விடுங்கோ. நான் கேட்டதா நினைக்காதேங்கோ" என்றாள்.

ஏலாது என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அங்கே இப்போது நிற்கிற பிள்ளைகளில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. என்னைத் தெரிந்தவர்களே குறைவு. ஓய்வுபெற்ற ஒரு கிழவி மேடையேறி, இறந்துபோன ஒருவரின் பிழையைச் சொன்னால் என்ன கதைப்பார்கள்? இதே கேள்வியைத்தான் அன்றும் நாம் இருவரும் நமக்குள் கேட்டிருப்போம் என்று நினைத்ததும் வந்த கோபத்தில் எழும்பி அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போதைய அதிபர் புதியவர். உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சம்மதித்தார்.

நேற்றுத் திங்கட்கிழமை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னர் இந்த இடத்தில் ஒரு மாணவியைக் கொப்பியடித்தவள் என்று சொன்னார்கள். அவள் பெயர் துஷாந்தினி, சல்லி. அவள் கொப்பியடிக்கவில்லை. எழுதிக் கொடுத்தது அவளுடைய கணித ஆசிரியர். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான். கேள்வி அவளுடையது. அதற்கு அவள் கண்ட வழி எங்களுடையதைவிட நல்லது. அவள் போயிருக்க வேண்டிய இடத்துக்கு அவளைப் போகவிடாமற் செய்தது நாங்கள். உங்கள் பெயரையும் சொன்னேன், சேர். முழுப் பெயரையும்.

பிள்ளைகளுக்குக் கால் வலித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அதிபர் வேகமாக வந்து மைக்கை வாங்கி, "டீச்சரின்ட பெருந்தன்மைக்கு நாங்கள் எல்லாரும் கைதட்ட வேணும்" என்று தொடங்கினார். நான் மைக்கைத் திருப்பிப் பறித்தேன். ஓம், பறித்தேன். "கைதட்டாதேங்கோ. பெருந்தன்மை இல்லை, பிழை. பிழைக்கு ஆரும் கைதட்டுறதில்லை" என்றேன். என் குரல் கிறீச்சிட்டது. அப்போதுதான் அந்த இரண்டு பேரும் கதையை நிற்பாட்டிவிட்டு மேடையைப் பார்த்தார்கள்.

துஷாந்தினி பாடசாலைப் படலைக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கூட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும் பஸ் தரிப்பு வரைக்கும் கூட நடந்தாள். நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் கூனிக் குறுகிப் போயிருப்பேன். அந்த முகாமுக்குப் போகிற வயதெல்லை அவளுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. நான் மேடையில் சொன்ன எதுவும் அந்த ஆறு கிழமையைக் கொண்டுவந்து தராது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தரிப்பில் நின்று, பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "சேர் பின்பக்கத்தில எழுதினது பாதிதான் டீச்சர்" என்றாள்.

"என்ன பாதி?"

"படி வாற எண்களுக்கு ஏன் வருதெண்டு அது காட்டுது. பதினாறுக்கு ஏன் வராதெண்டு காட்டேல்ல. அவர் தன்ர ஒன்பது வரியில காட்டினவர்தான், ஆனா அது பெட்டி இல்லை, எழுத்து. பெட்டியாலயே காட்டலாம். போன வருஷம் ஐஸ் லொறிக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்க வந்தது. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

சொன்னாள். இரண்டு கையையும் விரித்து, விரல்களை அடுக்குகளாக்கி, முதல் விரலையும் கடைசி விரலையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வயதில், றப்பர் பூட்ஸோடு, அந்தப் பழைய பதினேழு வயதுக் குரலில் சொன்னாள். அட்சர கணிதம் ஒரு துளியும் இல்லை. நான் "ஒருக்கா திருப்பிச் சொல்லு" என்றேன். திருப்பிச் சொன்னாள். பஸ் வந்தது. "வாறன் டீச்சர்" என்று ஏறிப் போய்விட்டாள்.

உங்கள் மகன் இதை மலரில் போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும். வேறு ஒரு வரியும் என்னால் எழுதித் தர முடியாது. கோபம் தீர்ந்துவிட்டது என்று முடித்தால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். தீரவில்லை, சேர். உங்கள் மேலும் தீரவில்லை, என் மேலும் தீரவில்லை. நேற்றிலிருந்து அந்தக் கோபத்துக்குப் பக்கத்திலேயே அவள் விரலால் காட்டிய நிறுவலும் என்னோடு இருக்கிறது. மறந்துபோகும் என்ற பயத்தில் காலையில் சமைக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். ஓர் இடமும் தட்டவில்லை. எவ்வளவு அழகு என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே எழுதவும் மாட்டேன். உங்களுக்கு ஒன்பது வருடம் இருந்தது. அவளிடமே கேட்டிருக்கலாம்.